குரல் மாறும் பருவம்

நுழையும்முன்

வளரிளம் பருவத்தின் உடல் மாற்றங்களை உயிரியல் பாடம் விளக்குகிறது. எனினும், அம்மாற்றங்களை எதிர்கொள்ளும் சிறுவனின் உள்ளத்தில் எழும் ஐயங்கள் பெரும்பாலும் எவரிடமும் கேட்கப்படாமலே போகின்றன. பதினோராம் வகுப்பு மாணவர்கள் அப்பருவத்தின் பெரும்பகுதியைக் கடந்தவர்கள். இனிக் கடக்கவிருக்கும் தம்பியருக்கு அண்ணனாகவும் அக்காவாகவும் இருப்பவர்கள். தாம் அறிந்ததைத் தெளிவாக்கிக் கொள்ளவும் பிறருக்குத் தயக்கமின்றி எடுத்துரைக்கவும் இக்கட்டுரை துணைசெய்யும்.

பெயர் உண்டு, பேச்சு இல்லை

தென்காசி மாவட்டத்தின் ஆலங்குளத்திலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் ஒரு பெண் பருவமடைந்தால் அச்செய்தி உறவினர் அனைவரையும் எட்டிவிடும். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடு வருவார். பாட்டி உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார். அத்தையும் பெரியம்மாவும் உடலைப் பேணும் முறைகளைச் சொல்லித் தருவர். இவ்வாறு ஊரறிய விழா எடுப்பது தேவைதானா என்னும் வினா இன்று எழுப்பப்படுகிறது. அது நியாயமான வினாவே. ஆயினும், 'உன் உடலில் நிகழ்வது இயல்பானது' என்று அப்பெண்ணிடம் சொல்ல ஒருவரேனும் அருகில் இருக்கிறார்.

அதே வீட்டில் வளரும் சிறுவனின் நிலை வேறு. அவன் குரல் கரகரக்கிறது, மீசை அரும்புகிறது, இரவில் தூக்கத்தில் உடல் தானறியாது எதையோ வெளியேற்றுகிறது. அவன் திடுக்கிடுகிறான். அம்மா திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். அவரிடம் கேட்க நாணம் தடுக்கிறது. அப்பா வேலைக்காக வெளியூரில் இருக்கிறார். உள்ளூரில் இருந்தாலும் இதைப் பற்றிப் பேசும் வழக்கம் இல்லை. ஆகவே, அவன் தன் வயதொத்த நண்பனிடமோ கைப்பேசியிடமோ கேட்கிறான். அவர்கள் தரும் விடைகளுள் மெய் எது, பொய் எது எனப் பிரித்தறிய அவனுக்கு வழியில்லை.

தமிழில் இப்பருவத்திற்குச் சொற்பஞ்சம் இல்லை. பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை எனப் பகுத்த பாட்டியல் மரபு, ஆணின் பருவங்களையும் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் எனப் பகுத்துப் பெயரிட்டுள்ளது. பத்து வயதிற்கும் பதினாறு வயதிற்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் பல பெயர்கள் அமைந்திருப்பது கருதத்தக்கது. அந்த ஆண்டுகளில் மாற்றம் விரைந்து நிகழ்வதை நம் முன்னோர் கண்டிருந்தனர். பெயரிட்டு வழங்கிய பருவத்தைப் பற்றி நாம் வாய்திறந்து பேசாதிருப்பதே குறை.

மகரக்கட்டு

ஆணின் பருவ மாற்றம் ஊரறிய நிகழ்ந்த ஓர் இடமும் தமிழகத்தில் இருந்தது. அது நாடக மேடை. 1918ஆம் ஆண்டு சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். இத்தகைய பாலர் நாடக சபைகள் 'பாய்ஸ் கம்பெனி' என மக்களால் அழைக்கப்பட்டன. அவற்றில் சிறுவர்களே அரசனாகவும் அரசியாகவும் தோழியாகவும் நடித்தனர். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்குமாறு உச்சக் குரலில் பாடுவதே நடிகருக்குரிய முதன்மைத் தகுதியாக இருந்தது. தென்காசியை அடுத்த செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா, சிறுவயதிலேயே மேடையேறி இத்தகைய குரல் வளத்தால் தமிழகமெங்கும் புகழ்பெற்றார்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் அச்சிறுவர்களின் குரல் உடையும். நேற்றுவரை மேல் சுரத்தை எளிதாகத் தொட்ட தொண்டை, இன்று பாடும்போதே பிளவுபடும். இதற்கு நாடக உலகம் இட்ட பெயர் 'மகரக்கட்டு'. மகரக்கட்டு வந்த சிறுவன் பாடவேண்டிய வேடங்களை இழப்பதுண்டு. அக்குரலை நம்பியே குடும்பம் அனுப்பி வைத்த சிறுவனுக்கு அது பேரிழப்பு. எனினும், அங்கு எவரும் அதை நோய் என்று கருதவில்லை; அவன் செய்த தவற்றின் விளைவு என்றும் கூறவில்லை. ஒவ்வொரு சிறுவனுக்கும் வரும் கட்டம் அது என்பதைச் சபையிலிருந்த அனைவரும் அறிந்திருந்தனர். அந்த அறிவு அவன் இழப்பை நீக்கவில்லை. ஆனால், அவனைத் தனிமையில் அஞ்ச விடவும் இல்லை. இன்றைய சிறுவனுக்கு வேண்டுவதும் அந்த அறிவே.

மாற்றம் தொடங்கும் இடம்

குற்றாலத்தில் அருவி விழுவதைக் காண்போர், மழை மேலே மலைக்காட்டில் முன்பே பெய்ததைக் காண்பதில்லை. உடலின் பருவ மாற்றமும் அத்தகையதே. மீசையாகவும் குரலாகவும் வெளியே தெரிவது பின்னர் நிகழ்வது. அதன் தொடக்கம் மூளையில் உள்ளது.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி, குழந்தைப் பருவம் முழுவதும் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. உரிய காலம் வந்ததும் அது விட்டுவிட்டு, முதலில் இரவு உறக்கத்தின்போது, வேதிக் குறிப்புகளை அனுப்பத் தொடங்குகிறது. அக்குறிப்பை ஏற்ற பிட்யூட்டரி சுரப்பி இரண்டு இயக்குநீர்களை இரத்தத்தில் கலக்கிறது. அவை விந்தகங்களை அடைகின்றன. விந்தகங்கள் வளர்ந்து டெஸ்டோஸ்டீரான் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன, விந்தணுக்களையும் உருவாக்குகின்றன.

விந்தகத்திற்கும் ஆண்மைத் தோற்றத்திற்கும் தொடர்பு உண்டு என்பதை உழவர்கள் நெடுங்காலமாக அறிவர். காயடித்த மாட்டிற்குத் திமிலும் சீற்றமும் குறைவதைக் கண்டே அவர்கள் ஏர்மாட்டைப் பழக்கினர். அத்தொடர்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1849இல் செருமனியைச் சேர்ந்த அர்னால்டு பெர்த்தோல்டு ஆராய்ந்தார். விந்தகம் நீக்கப்பட்ட இளஞ்சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை. அவை கூவவும் இல்லை. விந்தகத்தை மீண்டும் வயிற்றினுள் பொருத்தியபோது கொண்டையும் கூவலும் தோன்றின. நரம்புத் தொடர்பு அறுந்த நிலையிலும் இது நிகழ்ந்ததால், ஏதோ ஒரு பொருள் இரத்தத்தின் வழியே செல்கிறது என அவர் உணர்ந்தார். அப்பொருளை 1935ஆம் ஆண்டு அறிவியலாளர்கள் தனியே பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டீரான் எனப் பெயரிட்டனர்.

மாற்றங்களின் வரிசை

ஆண் சிறுவரிடம் இம்மாற்றம் 9 வயதிற்கும் 14 வயதிற்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். முதல் அடையாளம் விந்தகம் பெரிதாவது. அது பிறர் கண்ணுக்குப் புலப்படாது; சிறுவனே கூட உணராதிருக்கலாம். அதன்பின் பிறப்புறுப்பைச் சுற்றி முடி வளர்கிறது. ஆணுறுப்பு வளர்ச்சி பெறுகிறது. அக்குளிலும் முகத்திலும் முடி தோன்றுவது பெரும்பாலும் இதற்குப் பிறகே.

உயரமும் விரைந்து கூடுகிறது. முதலில் கையும் காலும் நீள்கின்றன. உடற்பகுதி பின்னரே வளர்கிறது. ஆறு மாதத்தில் செருப்பு சிறுத்துப் போவதும், கைகால் தன் வசத்தில் இல்லாததுபோல் தோன்றுவதும் இதனாலேயே. வளர்ச்சியின் உச்சத்தில் ஓர் ஆண்டிலேயே ஏறத்தாழ 9 செ.மீ. உயரம் கூடக்கூடும். பெண்களுக்கு இவ்வளர்ச்சி சுமார் இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே நிகழ்வதால், ஏழாம் எட்டாம் வகுப்புகளில் மாணவியர் பலர் மாணவரைவிட உயர்ந்து நிற்பர்.

டெஸ்டோஸ்டீரானால் குரல்வளை பெரிதாகிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையில் தடித்த தந்தி தாழ்ந்த ஒலி தருவதுபோலக் குரலும் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. புதிய அளவிற்குத் தசைகள் பழகும்வரை குரல் தடுமாறும். சில மாதங்களில் அது நிலைபெறும். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரப்பதால் முகப்பரு தோன்றுகிறது. வியர்வையின் மணமும் மாறுகிறது. நாள்தோறும் குளிப்பதும் தூய உள்ளாடை அணிவதும் இதற்குப் போதுமானவை. பருவைக் கிள்ளுவது தழும்பையே தரும்.

உறக்கத்தில் விந்து தானே வெளியேறுவதும் இம்மாற்றங்களுள் ஒன்று. விந்தகம் தொழிற்படத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம். எல்லாச் சிறுவர்க்கும் அது நிகழவேண்டும் என்பதில்லை. நிகழ்ந்தால் அது நோயும் இல்லை. நெறி தவறியதன் விளைவும் இல்லை. தாமே எண்ணாமல் ஆணுறுப்பு விறைப்படைவதும் இப்பருவத்தில் இயல்பானதே.

ஒப்பிடுவதால் வரும் துன்பம்

இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் டானர், சிறுவர் பலரின் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவுசெய்து, பருவ வளர்ச்சியை ஐந்து நிலைகளாக வகுத்தார். 1970இல் வெளியான அவரது ஆய்வு தெளிவாக்கிய உண்மை ஒன்றுண்டு: ஒரே வயதுடைய இரு சிறுவருள் ஒருவன் வளர்ச்சியை நிறைவு செய்திருக்கலாம், மற்றவன் தொடங்காமலும் இருக்கலாம், இருவரும் நலமுடையவரே.

இதை அறியாத வகுப்பறை மிகக் கொடியது. மீசை அரும்பாதவனுக்கு ஒரு பட்டப்பெயர். குரல் உடையாதவனுக்கு வேறொரு பட்டப்பெயர். இன்னொரு செய்தியும் பலர் அறியாதது. இப்பருவத்தில் சிறுவருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மார்புக் காம்பின் அடியில் சிறு கட்டிபோல் தோன்றி வலிக்கும். மார்பு சற்றே பருத்தும் தோன்றும். இயக்குநீர்களின் விகிதம் சில காலம் மாறுபடுவதே இதற்குக் காரணம். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் அது தானே மறைந்துவிடும். குற்றாலத்தில் நண்பர்கள் எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு அருவியில் நிற்க, ஒருவன் மட்டும் சட்டையோடு ஒதுங்கி நிற்பானாயின், அவனைக் கேலி செய்வதற்கு முன் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அச்சத்தை விற்போர்

அறியாமை உள்ள இடத்தில் வணிகம் நுழைகிறது. பேருந்து நிலையச் சுவர்களிலும் நள்ளிரவுத் தொலைக்காட்சியிலும் 'இளைஞர்களே!' என விளித்து, நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு என அச்சுறுத்தும் விளம்பரங்களைத் தமிழகம் நெடுங்காலமாகக் கண்டுவருகிறது. குறித்த நாளில் விடுதி அறையில் தங்கி மருந்து விற்போரும் உளர். விந்து வெளியேறினால் இரத்தம் குறையும், உடல் இளைக்கும், நினைவு மங்கும் என்பதே அவர்கள் விற்கும் அச்சம்.

உண்மை வேறு. விந்து இரத்தத்திலிருந்து வடிக்கப்படுவதன்று. அதன் பெரும்பகுதி, விந்துப்பையும் புரோஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர்மமே. விந்தணுக்களை விந்தகங்கள் நாள்தோறும் கோடிக்கணக்கில் புதிதாக உருவாக்குகின்றன. எச்சிலைப்போல, கண்ணீரைப்போல உடல் இதையும் சுரந்துகொண்டே இருக்கிறது. உறக்கத்தில் வெளியேறினாலும், தன்னின்பப் பழக்கத்தால் வெளியேறினாலும் உடல் வலிமையோ நினைவாற்றலோ குறைவதில்லை என்பது மருத்துவ அறிவியலின் தெளிவு.

ஆனால், அச்சம் உண்மையாகவே மனிதனை இளைக்கச் செய்யும். விந்து இழப்பைப் பற்றிய கவலையால் உறக்கமின்மையும் சோர்வும் உள்ளச் சோர்வும் தோன்றுவதை 1960ஆம் ஆண்டு இந்திய மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் விளக்கி, அதனை 'தாது நோய்க்குறித் தொகுதி' எனக் குறிப்பிட்டார். அங்கே சிகிச்சை வேண்டுவது கவலைக்கே அன்றி விந்திற்கு அன்று. ஆண்மையைப் பெருக்குவதாகவும் உயரத்தைக் கூட்டுவதாகவும் மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடைசெய்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் இயற்றும் அளவிற்கு அச்சத்தின் வணிகம் வளர்ந்திருந்தது. சுவரில் அவ்விளம்பரத்தைக் காணும் மாணவன், அதனைத் தன்னைப் பற்றிய செய்தியாகக் கொள்ளாமல், சட்டத்தை மீறிய செயலாகக் காணவேண்டும்.

இணையத்தில் பரவும் ஆபாசக் காட்சிகளும் இவ்வணிகத்தின் மற்றொரு முகமே. அவை நடிக்கப்பட்டவை, தொகுக்கப்பட்டவை. உடலைப் பற்றியும் உறவைப் பற்றியும் அவற்றிடமிருந்து கற்பது, திரைப்படச் சண்டைக் காட்சியைப் பார்த்துச் சாலை விதிகளைக் கற்பதற்கு ஒப்பாகும்.

மறைக்கக் கூடாதவை

நாணத்தால் மறைப்பது சில வேளைகளில் உறுப்பையே இழக்கச் செய்யும். விந்தகத்தைத் தாங்கும் நாண் திடீரென முறுக்கிக்கொள்வதுண்டு. 12 முதல் 18 வயதிற்குள் இது மிகுதியாக நேர்கிறது. விந்தகத்திலோ அடிவயிற்றிலோ பொறுக்க முடியாத வலி தோன்றும். குமட்டலும் வாந்தியும் வரலாம். முறுக்கினால் இரத்த ஓட்டம் தடைபடுகிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் விந்தகத்தைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவு முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் சிறுவன் அதை இழக்க நேரிடும். வீட்டில் உள்ளவரை எழுப்பி, '108' ஊர்தியை அழைத்தாவது மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வயிற்றுவலி என்று மட்டும் சொல்லாமல், வலிக்கும் இடத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

9 வயதிற்கு முன்பே பருவ அடையாளங்கள் தோன்றினாலும், 14 வயது நிறைந்தும் எந்த அடையாளமும் தோன்றாவிட்டாலும் மருத்துவரைக் காண்பது நன்று. விருப்பமின்றி ஒருவர் தன் உடலைத் தொட்டால், அவர் உறவினரேயாயினும், சிறுவன் அதை மறைத்தல் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதிற்கு உட்பட்ட ஆண், பெண் அனைவருக்கும் காப்பளிக்கிறது. '1098' என்னும் சிறார் உதவி எண்ணை எவரும் அழைக்கலாம்.

மனமும் மாறுகிறது

உடல் வளரும் வேகத்தில் மூளையின் எல்லாப் பகுதிகளும் முதிர்வதில்லை. விருப்பத்தையும் சினத்தையும் எழுப்பும் பகுதிகள் இப்பருவத்தில் விழிப்புடன் இயங்குகின்றன. விளைவை எண்ணிப் பார்த்துத் தடுக்கும் முன்மூளைப் பகுதி முழுமை பெற இருபத்தைந்து வயதை ஒட்டிய காலம் ஆகிறது. நண்பர் பார்க்கிறார் என்பதற்காக வண்டியை விரட்டுவதும், சிறு சொல்லுக்குப் பெருஞ்சினம் கொள்வதும் இந்த இடைவெளியில் நிகழ்பவை. மூளை முதிரவில்லை என்பது தவற்றிற்குச் சாக்கு ஆகாது. சினம் வரும்போது சற்றுத் தாமதித்துச் செயற்படவேண்டும் என்பதற்கு அது காரணமாகும்.

ஒருவர்மீது ஈர்ப்புத் தோன்றுவதும் இயல்பே. ஈர்ப்பு தோன்றிவிட்டதாலேயே மற்றவர்மீது உரிமை பிறந்துவிடாது. மறுப்பை மறுப்பாக ஏற்பதே முதிர்ச்சி. மீசையும் தோள்வலிமையும் இயற்கை தருபவை. பண்பை ஒருவன் தானே வளர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறே, ஆண் அழக்கூடாது என்பதும் பொருளற்ற கட்டளை. துயரைச் சொல்லத் தெரிந்தவனே அதிலிருந்து மீள்கிறான்.

யார் சொல்வது?

இந்திய அரசு 2014ஆம் ஆண்டு தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டம் 10 முதல் 19 வயது வரையிலான பெண்களோடு ஆண்களையும் சமமாக உள்ளடக்கியது. அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனை மையங்கள் அதன்வழி அமைந்தன. தமிழகத்தில் '104' என்னும் எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம். கேட்பதற்கு இடம் இருக்கிறது. கேட்கலாம் என்று சிறுவனிடம் சொல்வதற்கே ஆள் வேண்டும்.

அந்த ஆளாக அப்பாவோ சித்தப்பாவோ ஆசிரியரோ இருக்கலாம். மருமகளின் சடங்கிற்குச் சீர் சுமந்துவரும் தாய்மாமன், மருமகனோடு வயல் வரப்பில் நடந்தபடி பத்து நிமிடம் பேசலாம். அவர்கள் எவரும் பேசாத வீட்டில், பதினோராம் வகுப்பில் படிக்கும் அண்ணனோ அக்காவோ பேசலாம். நீண்ட சொற்பொழிவு தேவையில்லை. "தம்பி, உன் குரல் மாறப்போகிறது, உடலும் மாறும். எல்லாருக்கும் நிகழ்வதுதான். எது நேர்ந்தாலும் என்னிடம் கேள், நான் சிரிக்க மாட்டேன்" என்னும் அளவே போதும். இறுதியாகச் சொன்ன அந்த உறுதிமொழியைக் காப்பாற்றினால், தம்பி தன் ஐயங்களைச் சுவர் விளம்பரத்திடம் கொண்டு செல்லமாட்டான்.

தெரியுமா?

உலக நலவாழ்வு நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என வரையறுத்துள்ளது. விரைந்த வளர்ச்சியின்போது ஆண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைபாடு ஏற்படக்கூடும். பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரை மாணவர், மாணவியர் இருபாலார்க்கும் உரியது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் பருவமடைதல் குறித்து வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றுள் ஆண்பாலுக்குரியவை எத்தனை எனக் கண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

2. ஆறாம் வகுப்பில் படிக்கும் தம்பி ஒருவனுக்கு, அவன் அஞ்சாத வகையில் இப்பருவ மாற்றங்களை விளக்கிக் கடிதம் எழுதுக.